காற்று போகும் ஊருக்கு

பொள்ளாச்சிக்குத் தெற்கே சமத்தூரில் பழைய ஜமீன் அரண்மனை இருக்கிறது. பஸ் ஏறினால் நேரே போய்ச் சேரலாம். பலூனில் ஏறினால், காற்று அந்தப் பக்கம் வீசினால்தான் அதன் ஓட்டுக்கூரை கண்ணில் படும். இறக்கையும் சுக்கானும் இல்லாத இந்த வாகனம் எப்படி ஆளைத் தூக்குகிறது என்பதை நேரில் பார்க்க நம் பக்கத்தில் பொள்ளாச்சிதான் சரியான ஊர். 2015-ல் தொடங்கிய சர்வதேச பலூன் திருவிழா, பொங்கலையொட்டி அங்கே நடக்கிறது.

வீட்டு மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது அதற்குள் இருக்கிற காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அந்தக் காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரியும். ஒரு பங்கு வெளியேறிவிட, மிச்சம் ஒரு கிலோவுக்கும் குறைவு. அதாவது தொட்டிக்குக் கால் கிலோ எடை குறைகிறது. நடுத்தர பலூன் ஒன்றுக்குள் இப்படி 2800 தொட்டிக் காற்று அடங்கும். கால் கிலோவாகச் சேர்த்தால் சுமார் 700 கிலோ. குறைகிற அந்த எடையளவுக்குப் பலூன் சுமை தூக்கும். துணி, பிரம்புக் கூடை, சிலிண்டர்கள், நாலைந்து ஆட்கள் எல்லாமே அந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

சூடேற்றுவது புரொப்பேன். வீட்டு சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கிற அதே வாயுதான். தலைக்கு மேலே ஆளுயரத்தைத் தாண்டி நெருப்பு சீறும். அந்த இரைச்சலுக்குக் கீழே தோட்டத்து நாய்களெல்லாம் குரைக்கும். ஆனால் நெருப்பு விட்ட உடனே பலூன் ஏறாது. அத்தனை காற்றும் சூடாகிப் பலூன் அசைந்துகொடுக்கச் சில விநாடிகள் ஆகும். தென்னந்தோப்பு கிட்டே வந்தபிறகு நெருப்பு விட்டால் மட்டையில் உரசவேண்டியதுதான். தோப்பு தூரத்தில் இருக்கும்போதே கை பர்னருக்குப் போகவேண்டும். பைலட்டின் தொழில் நுணுக்கம் அதில்தான் இருக்கிறது.

1783 நவம்பரில் பாரிஸில் இரண்டு பேர் முதன்முதலாகக் கயிற்றில் கட்டப்படாத பலூனில் பறந்தபோது வைக்கோலை எரித்தார்கள். புரொப்பேன் பர்னரோடு நைலான் பலூனை அமெரிக்கர் எட் யோஸ்ட் பறக்கவிட்டது 1960-ல். 2005-ல் நம் நாட்டு விஜய்பத் சிங்கானியா இதே வகைப் பலூனில் மும்பையிலிருந்து கிளம்பி 21 கிலோமீட்டர் உயரம் தொட்டார்.

பொள்ளாச்சியின் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அதன் வழியே மேல்காற்று பாய்ந்து வரும். உடுமலைப் பக்கக் காற்றாலைகளுக்கு அது அறுவடைக்காலம், பலூனுக்கு ஆகாத காலம். மார்கழி, தையில் திசை திரும்பிக் கீழ்க்காற்று மெதுவாக வீசும். கிளம்பிய பலூன் எல்லை தாண்டி பாலக்காட்டு வயலில் இறங்கியதும் உண்டு.

பலூனைத் திருப்பவே முடியாதா? ஓரளவு முடியும். ஒவ்வொரு உயரத்திலும் காற்றின் திசை கொஞ்சம் மாறும். ஏறியும் இறங்கியும் வேண்டிய காற்றைத் தேடிப் பிடிக்கவேண்டும். காற்றோடு காற்றாகப் போவதால் கூடைக்குள் தலைமுடிகூட அசையாது. வெயில் ஏறினால் மண் சூடாகிக் காற்று மேலும் கீழுமாகப் புரளும் என்பதால், விடிந்ததும் கிளம்பிச் சீக்கிரமே இறங்கிவிடுவார்கள்.

அந்த இளவெயிலில் மேலிருந்து பார்க்கவேண்டியது நம் தொட்டிக்கட்டு வீடுகளை. ரோட்டில் நின்றால் திண்ணையும் கதவும்தான் தெரியும். மேலே போனால் நாலு பக்க ஓட்டுக்கூரையும் நடுவாசலை நோக்கிச் சரிவது தெரியும். பெய்கிற மழையை அப்படியே வீட்டுக்குள் வாங்கிக்கொள்ளக் கட்டிய கூரை. பக்கத்திலேயே களம், கட்டுத்தரை, சதுரக் கிணறு. ஒரு குடியானவர் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்று அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். இந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு கான்கிரீட் ஆகிவருவதும் மேலிருந்துதான் பளிச்சென்று தெரிகிறது. அந்தச் செவ்வோட்டுச் சதுரங்கள் குறைவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இறங்கத் தோப்பு உதவாது. வெறும் காடு வேண்டும். கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம். கூடை ஒருமுறை தரையில் உராய்ந்து துள்ளும். அந்த அதிர்ச்சியைப் பிரம்பு வளைந்து வாங்கிக்கொள்ளும். பைலட் கயிற்றை இழுக்க, உச்சியில் மூடியிருக்கும் வட்டத்துணி விலகிச் சூடு வெளியேறும். பின்னாலேயே ரோட்டில் துரத்தி வந்த ஜீப், கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் வழி கேட்டு நிற்கும். தோட்டத்துக்காரர் படலைத் திறந்துவிடுவார். சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவர்களும் வந்து கைகொடுக்க, அத்தனை பெரிய துணியும் காற்று பிதுங்க மடிந்து ஒரு மூட்டைக்குள் அடங்கும்.