நைல் ஜலத்தில் ஒளிந்த சத்துரு

எகிப்து தேசத்துக்கு நைல் நதியே தாய். அத்தாய் ஊட்டும் ஜலத்திலேயே ஒரு சத்துரு ஒளிந்திருந்து, குடியானவர்களின் ரத்தத்தை ஆயிரக்கணக்கான வருஷங்களாக உறிஞ்சி வந்திருப்பது விந்தையல்லவா? சுமார் 3,000 வருஷங்களுக்கு முந்திய பிரேதங்களின் சிறுநீரகங்களில் அதன் முட்டைகளை 1910-ல் ரஃபர் என்னும் அறிஞர் கண்டார்.

புழுவை முதலில் கண்டுபிடித்தவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர். 1851-ல் கெய்ரோ நகரில் பிரேத பரிசோதனை செய்கையில், ரத்தக் குழாயினுள் அதைக் கண்டார். அதனால் வியாதிக்கு 'பில்ஹார்ஸியா' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆண் புழு சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம். நூல் போன்ற பெண் புழுவைத் தன் உடல் மடிப்பில் அணைத்தபடியே வருஷக்கணக்காக வாழும். ஆயினும் பெருங்கேடு விளைப்பவை முட்டைகளே. முள் பொருந்திய அவை மூத்திரப்பை, குடல், ஈரல் முதலியவற்றில் தங்கிப் புண்படுத்துகின்றன. சிறுநீரில் ரத்தம் காணும். நாளடைவில் மூத்திரப்பையில் புற்றுநோயும் உண்டாகலாம்.

முட்டை ஜலத்தில் சேர்ந்ததும் பொரிக்கிறது. குஞ்சு ஒருவகை நத்தையினுள் புகுந்து பெருகி, பிளவுண்ட வாலுடன் வெளிவருகிறது. வாய்க்காலில் இறங்கியவனின் தோலைச் சில நிமிஷங்களில் துளைத்து உட்செல்கிறது. இந்த நத்தை ரகசியத்தை எகிப்தில் 1915-ல் நிரூபித்தவர் லைப்பர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி.

பழங்காலத்தில் வெள்ளம் வடிந்தபின் வயல்கள் காயும், நத்தைகளும் மடியும். ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் 1902-ல் அஸ்வான் அணை கட்டி முடிந்தது. கோடையிலும் வாய்க்கால்களில் ஜலம் நின்றது. பருத்தி செழித்தது, லங்காஷயர் ஆலைகளுக்குக் கப்பலேறியது. நத்தையும் செழித்தது, வியாதி மட்டும் குடியானவனுக்கு மிஞ்சியது.

சிகிச்சையிலும் ஒரு பரிதாபம் நேர்ந்தது. சுதேச சர்க்கார் 1950-க்குப் பின் சுமார் முப்பது வருஷம் கிராமந்தோறும் மருந்தூசி போட்டனர். நன்றாகச் சுத்தி செய்யாத ஊசிகளையே பலருக்கும் உபயோகித்ததால், 'ஹெபடைடிஸ் சி' என்னும் ஈரல் நோய் பரவியது. ஒன்றை ஓட்டப் போன ஊசி மற்றொன்றைப் புகட்டிற்று! பிற்பாடு 'பிரஸிகுவாண்டல்' மாத்திரை வந்து ஊசியின் தேவையை ஒழித்தது. எகிப்தில் பில்ஹார்ஸியா மிகக் குறைந்தது. ஈரல் நோயை ஒழிக்கும் முயற்சியையும் 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பாராட்டியது.

ஆனால் 2021-ல் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோருக்கு இம்மாத்திரை தேவைப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். மாத்திரை புழுவைக் கொல்லும்; மறுபடி தொற்றுவதைத் தடுக்காது. கக்கூஸும் சுத்த ஜலமும் இல்லாத கிராமத்தில், மருந்து விழுங்கிய குழந்தை மறுநாள் அதே வாய்க்காலில்தானே குளிக்க வேண்டும்?