கூரை குடித்த மழை

கனமழை பிடித்தால் அடித்தளத்தில் சாக்கடை ஏறும். ஸ்வீடனின் மால்மோ நகரில், 1950 வாக்கில் எழுந்த அகஸ்டன்போர்க் குடியிருப்பில் ஒரு காலத்தில் இதுதான் நிலைமை. மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். அது நிரம்பினால் கலங்கல் தண்ணீர் வீட்டுக்குள்தான் எதிர்த்து வரும்.

1998-ல் தொடங்கிய சீரமைப்பில், மழையைக் குழாய்ப் பக்கமே போகவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள். 2001-ல் நகராட்சிப் பணிமனைகளின் கூரைமேல் சுமார் 9,500 சதுர மீட்டரில் தாவரவியல் தோட்டம் திறக்கப்பட்டது.

தோட்டம் என்றதும் மரமும் புல்வெளியும் மனதில் வரும். அங்கே பல இடங்களில் மண்ணின் கனம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். இரண்டு விரல் அகலம். அதில் படர்வது செடம், நம் ரணகள்ளியின் குடும்பம். குண்டு இலையைக் கிள்ளினால் விரல் நனையும். மழையில்லாத நாட்களை அந்த ஈரத்தை வைத்தே கடத்திவிடும்.

இவ்வளவு மெல்லிய மண் எதைத் தாங்கும் என்று கேட்கலாம். காய்ந்த மண் 10 மில்லிமீட்டர் மழையைக் குடித்தாலே, 100 சதுர மீட்டர் கூரையில் அது 1,000 லிட்டர். அந்தத் தண்ணீர் சாக்கடையைப் பார்க்காமலே, அடுத்தடுத்த நாட்களில் ஆவியாகிப் போய்விடும். ஆண்டுக் கணக்கில் இத்தகைய கூரை, பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொள்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மண் ஊறி நிறைந்தபின் பெய்வதெல்லாம் வழிந்துதான் ஆகும். அடைமழையைக் கூரை மட்டும் தடுத்துவிடாது. ஆனால், தகரத்தில் விழுந்த மழை நொடியில் தரைக்கு வந்துவிடும். மண்ணில் விழுந்தது கசிந்து, தயங்கித்தான் இறங்கும். எல்லாக் கூரைத் தண்ணீரும் ஒரே நேரத்தில் குழாயில் முட்டுவதுதானே வெள்ளம்? அந்த நெரிசலைத் தளர்த்துவதே இதன் பெரிய உபகாரம் என்பேன்.

மிச்சத்தை ஏந்தத் தரையில் ஏற்பாடு வேண்டும். அகஸ்டன்போர்க்கில் வீடுகளுக்கு இடையே சுமார் ஆறு கிலோமீட்டருக்குத் திறந்த வாய்க்கால்கள் ஓடுகின்றன. குளங்களும், மழையில் மட்டும் நிரம்பும் பள்ளமான புல்வெளிகளும் இருக்கின்றன.

2014 ஆகஸ்ட் 31 அன்று மால்மோவில் சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. நகரெங்கும் அடித்தளங்கள் மூழ்கின. அகஸ்டன்போர்க்கில் பாதிப்பு, பக்கத்துப் பகுதிகளைவிட மிகக் குறைவு.