ஊசி ஏமாற்றினால் அடுத்து என்ன?



மோவாயின் கீழ்த் தொங்கும் சதையைக் கரைக்க ஊசி போட்டும் பலன் காணாதவரா நீங்கள்? மீண்டும் பணத்தைக் கொட்டுமுன் சற்று நிதானியுங்கள்.

அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற டிஆக்சிகோலிக் அமில ஊசி கொழுப்பை அழிக்கும். குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, ஆறு முறை வரை போடுவார்கள். வீக்கம் வடியுமுன் பலனை எடைபோடலாகாது. தளர்ந்த தோலை அது இறுக்காது. அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. எஞ்சிய கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. தைராய்டு வீக்கமா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிரிக்கையில் வாய் கோணினாலோ, விழுங்கச் சிரமமாயிருந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் சகோதரிகள் அழகு நிலையங்களை நம்பாமல், மதுரை சென்றேனும் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஆலோசனை பெறுவது நலம்.

போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தது. தங்க மூக்கு பொருத்திக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆனால் அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதைக் கண்டித்தார்கள். குறையை நீக்குவது வேறு. படைப்பை மாற்றுவது வேறு. உங்களுடையது எது என மார்க்க அறிஞரிடம் கேட்டறியுங்கள். ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு வழியே.

பெண் பார்க்கச் செல்வோர் மோவாயை அளப்பதை நிறுத்தினால் பாதி நோய் தீரும். அல்லாஹ் நல்லருள் புரிவானாக!