ராடாரும் மழைமானியும்

தோட்ட ஆபீசு முற்றத்தில் மழைமானி இருக்கக் கண்டிருப்பீர்கள். தன் வாயில் விழுந்த மழையை மட்டுமே அது அறியும். ராடாரோ வானொலி அலைகளை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு பல மைல் தொலைவிலுள்ள மழையையும் காட்டும். ஆனால் குளிர்நாட்டுப் புயலில் அது ஏமாறுவதுண்டு. மேகத்திலிருந்து இறங்கும் பனிச்செதில் உருகத் தொடங்கியதும் அதன்மேல் நீர் படர்கிறது; ராடாருக்கு அது பெரிய மழைத்துளி! சாதாரண மழையும் பெருமழையாகத் தெரியும். வெள்ள எச்சரிக்கை கொடுப்பவருக்கு இது சிறிய பிழையா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலைப்பகுதியில், 2015 நவம்பரில் நாசா விஞ்ஞானிகள் ராடார்களோடு தரையில் மழைமானிகளையும், துளியின் பருமனையும் வேகத்தையும் அளக்கும் கருவிகளையும் வைத்தார்கள். கடலோரத்தில் மழையாகப் பெய்த புயல், மலையுச்சியில் பனியாகக் கொட்டும் இடம் அது. 2014இல் ஏவிய மழையளக்கும் விண்கோளின் கணக்கையும் இந்தத் தரைக் கருவிகளைக் கொண்டே சரிபார்த்தார்கள்.