நினைவு அறுபடும் இடம்

அல்சைமர் நோய் மூளையில் முதலில் கைவைக்கும் இடம் நரம்பிணைப்பு. ஒரு நரம்பு செல்லின் நுனியும் அடுத்த செல்லின் கிளையும் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்தச் சந்திப்பை மருத்துவர்கள் சினாப்ஸ் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் இரண்டு பங்குதான். ஒரு பக்கம் சுரக்கும் ரசாயனத்தை மறுபக்கம் வாங்கிக்கொண்டால் செய்தி கடந்துவிடும். அடிக்கடி பயன்படும் இணைப்பு வலுக்கும், பயன்படாதது தளரும். கற்பதும் நினைவில் வைப்பதும் இப்படித்தான் நடக்கின்றன. நோயாளியின் அறிவுத்திறன் எந்த அளவு குறைந்திருக்கிறது என்பதோடு மிக நெருக்கமாகப் பொருந்துவது இணைப்புகளின் இழப்பே என்று 1991-ல் ராபர்ட் டெர்ரியின் குழு காட்டியது.

1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையில் கண்டவை இரண்டு: செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முடிச்சுகள். படிவில் இருப்பது அமைலாய்டு பீட்டா, முடிச்சில் இருப்பது டாவ்.

அமைலாய்டு பீட்டா ஆரோக்கியமான மூளையிலும் உண்டாகிறது. செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டும்போது இந்தத் துண்டு விழுகிறது. வழக்கமாக மூளை அதை அப்புறப்படுத்திவிடும். இத்துண்டுகளில் 42 அமினோ அமிலம் கொண்டது எளிதில் ஒன்றோடொன்று ஒட்டும் குணமுடையது. சில துண்டுகள் சேர்ந்து கரைந்த நிலையிலேயே மிதக்கும் சிறு திரள்கள்தான் அதிகம் கெடுப்பவை. கெட்டியாகிப்போன படிவைவிட இவை ஆபத்தானவை. இத்திரள்கள் நரம்பிணைப்பு வலுப்படுவதைத் தடுப்பதை 2002-ல் டொமினிக் வால்ஷ், டென்னிஸ் செல்கோ குழுவினர் எலிகளில் கண்டனர்.

இணைப்புக்குள் நடப்பது என்ன என்ற கேள்விக்கு பெங்களூரிலிருந்து ஒரு முக்கியமான பதில் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத், ரெட்டி பீரா கொம்மத்தி உள்ளிட்டோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. செய்தியை வாங்கும் பக்கத்தில், கிளையின்மேல் நுண்ணிய முட்கள் துருத்திக்கொண்டிருக்கும். பந்தலைக் கால்கள் தாங்குவதுபோல, இம்முட்களின் வடிவத்தை ஆக்டின் என்ற புரத இழைகள் தாங்குகின்றன. அல்சைமருக்கான மரபணு மாற்றம் புகுத்தப்பட்ட எலிகளில், பிறந்த ஒரே மாதத்தில் இந்த இழைகள் பிரிந்து தனித்தனி மூலக்கூறுகளாக உதிரத் தொடங்கின. அப்போது படிவு எதுவும் தோன்றியிருக்கவில்லை. இரண்டாம் மாதத்தில் எலிகளின் நினைவு பிசகியது. இழைகளை மீண்டும் கோக்கும் மருந்தைக் கொடுத்தபோது நினைவு திரும்பியது. நல்ல எலிகளின் இழைகளை வேறொரு மருந்தால் பிரித்தபோது அவையும் மறந்தன. இழைகள் சிதைந்ததே நினைவுக் கோளாறின் காரணம் என்பதை இது காட்டியது. அல்சைமரோடும் அதற்கு முந்தைய லேசான மறதி நிலையோடும் இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் ஆக்டின் இழைகள் குறைந்திருந்தது தென்பட்டது. எலியில் கண்டதை மனித மூளையிலும் தேடிப் பார்த்ததுதான் இந்த ஆய்வுக்குக் கனம் சேர்க்கிறது.

டாவ் வேறு விதமாகக் கெடுக்கிறது. செல்லுக்குள் சரக்கு போய்வரும் நுண்குழாய்களைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறும்போது அது குழாயை விட்டுக் கழன்று முறுக்கிக்கொள்கிறது. தூரத்து இணைப்புக்குப் போகவேண்டிய பொருட்கள் வழியில் தேங்குகின்றன. கெட்ட டாவ் இணைப்பைக் கடந்து அடுத்த செல்லுக்கும் பரவுகிறது. இவை தவிர, மூளையின் துப்புரவு செல்களான மைக்ரோக்ளியா, நோயின் தொடக்கத்திலேயே இணைப்புகளை விழுங்குவதை 2016-ல் பெத் ஸ்டீவன்ஸ் குழு எலிகளில் கண்டது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, அல்சைமர் போன்ற நோய்களால் வரும் மறதி நிலையான டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய மதிப்பீடு கூறுகிறது. இதற்கான ஆய்வுக்குப் பெங்களூரிலேயே வழி பிறந்தது. அங்குள்ள எலெக்ட்ரானிக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸின் இணை நிறுவனர் கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை அளித்த 225 கோடி ரூபாயில்தான் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் உருவானது. ரவீந்திரநாத் அதன் முதல் இயக்குநராக இருந்தவர். மென்பொருளில் ஈட்டிய பணம் முதியோரின் மூளைக்குச் செலவானது அரிது, பாராட்டத்தக்கது. கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரா கிராமங்களில் 45 வயது கடந்த 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிப்பது இம்மையத்தின் திட்டம். நோய் வெளியே தெரியும்முன் மூளையில் என்ன மாறுகிறது என்பதை நம் மக்களிடமே அறிய வேறு வழியில்லை.

அமைலாய்டு திரள்களைக் குறிவைக்கும் லெகனேமாப் மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா முழு ஒப்புதல் தந்தது. 18 மாதச் சோதனையில் அது நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. சிலருக்கு மூளை வீக்கமும் நுண் ரத்தக்கசிவும் ஏற்பட்டன. போன இணைப்புகளை அது மீட்காது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஆகவே, ஊரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அழைத்துவந்த அம்மாவோ அப்பாவோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், பழகிய வழியில் தடுமாறினால், ‘வயசானா மறதி சகஜம்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கும் அதே ஓசூர் சாலையில்தான் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. பி12 குறைபாடும் தைராய்டு குறைவும் இதே போன்ற மறதியைத் தரும். இவை இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தால் சரிசெய்ய முடியும்.

(தொடரும்)