மணலுக்குக் கூட்டம் உண்டு, மாடிக்கு இல்லை

குமரி மாவட்டத்து முட்டத்துப் பாறைகளைத் தமிழ்நாட்டில் பலரும் முதலில் சினிமாவில்தான் பார்த்தார்கள். 1981இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்த பிறகு, பாறையும் செம்மண் மேடும் பார்க்க வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்குக் கடலைப் பார்ப்பதே போதும் என்றிருந்த காலம் அது. இப்போது கடலைப் பார்த்த வீட்டுக்குத் தனி விலை. அப்படி நூற்றுக்கணக்கான வீடுகளோடு ஓர் அடுக்குமாடி எழுவதாக இருந்தால், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா? சட்டத்தின் பதில்: வேண்டியதில்லை.

குமரிக் கடற்கரைக்கு இது புதிதாகத் தோன்றும். ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று கேட்டே பழகிய கரை இது. 2016 ஜூலையில் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வலுத்து, திட்டம் கோவளம் - மணக்குடி பக்கம் நகர்ந்தபோது அங்கும் ஊர் திரண்டது. அடுத்து வந்தது மணல். மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்திருக்கும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம், கிள்ளியூர் தாலுகா கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க முன்வந்தது. 2024 அக்டோபர் 1இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

கூட்டம் என்றால் என்ன?

தள்ளிவைக்க ஒரு கூட்டம் இருந்தது என்பதே பெரிய விஷயம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கு வரைமுறை வகுத்திருக்கிறது. 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் விளம்பரம் வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் ஊர்மக்கள் படிக்கிற மொழியில் அலுவலகங்களில் இருக்க வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். எல்லாம் வீடியோவில் பதிவாகும். முடிவில், எழுந்த ஆட்சேபங்களை எழுதி, கூடியிருப்பவர்கள் முன்னால் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். தீர்மானிக்கும் அதிகாரம் ஊருக்கு இல்லை. ஆனால், சொன்னதைச் சொல்லவில்லை என்று பிற்பாடு யாரும் மறுக்க முடியாது.

அதே அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்கு இந்தக் கூட்டத்திலிருந்து முழு விலக்கு அளிக்கிறது. 20,000 சதுர மீட்டர் கட்டடமானாலும் சரி, ஒன்றரை லட்சம் சதுர மீட்டரைத் தாண்டிய டவுன்ஷிப் ஆனாலும் சரி, கோப்பு நிபுணர் குழுவுக்குப் போய் அனுமதியோடு திரும்பிவிடும். அக்கம்பக்கத்தாருக்கு முதல் தகவல், மனையைச் சுற்றி எழும் தகர வேலிதான்.

பெரும்பாக்கமும் மரடும்

சென்னை பெரும்பாக்கத்தில் இதன் விளைவைப் பார்க்கிறோம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 ஏப்ரலில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் தலமானது, 1,247 ஹெக்டேர். தென்சென்னையின் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகும் முன் தங்குகிற இடம் அது. அந்த எல்லைக்குள்ளேயே பிரிகேட் நிறுவனத்தின் 1,250 வீடுகள் கொண்ட திட்டத்துக்கு 2025 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதியும் திட்ட அனுமதியும் தரப்பட்டதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம் சாட்டியது. அது தனியார் பட்டா நிலம் என்றது அரசு. அக்டோபர் 31இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

தேதிகளைக் கவனியுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். ஜனவரி அனுமதி அக்டோபரில் ஊர் அறியப் பேசப்படும்போது அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

காலம் கடந்த எதிர்ப்புக்கு யார் விலை கொடுப்பார்கள் என்பதைக் கொச்சி அருகே மரடு காட்டியது. உள்ளூர் பஞ்சாயத்து 2006இல் தந்த அனுமதியை நம்பி அங்கு எழுந்தவை நான்கு அடுக்குமாடி வளாகங்கள். கடலோர விதிமீறல் என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. காசு போட்டு வீடு வாங்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள்; சுற்றியிருந்த சிறு வீட்டுக்காரர்கள் தங்கள் சுவர் விரிசல் விடுமோ என்று பயந்து கிடந்தார்கள். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்த்த கதைதான்.

‘ஒவ்வொரு கட்டடத்துக்கும் கூட்டம் போட்டால் வீட்டு விலை என்ன ஆகும்?’ என்பார்கள் கட்டுநர்கள். ‘எனக்கு வீடு வந்தாச்சு, இனி எவனும் வர வேண்டாம்’ என்கிற சுயநலமும் எதிர்ப்புக்குள் ஒளிந்திருப்பது உண்மைதான். ஆனால் வடிகால் எங்கே, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே என்ற நியாயமான கேள்வியையும் வெறும் பொறாமையையும் பிரித்துக்காட்ட, பலர் முன்னிலையில் பேசவைப்பதைவிட நல்ல வழி எது?

நடப்பதோ தலைகீழ். அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று 2025 செப்டம்பர் 8இல் மத்திய அரசு உத்தரவிட்டது. மோனசைட் என்ற அணுக் கனிமம் கலந்த குமரிக் கரை மணலும் அதற்குள் வரும். அப்போதைய தமிழ்நாடு முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

முட்டத்தில் மிஞ்சியிருப்பது

கடலோரத்தில் இன்னொரு அரண் உண்டு. அதுவும் மெலிந்து வருகிறது. கிராமப்புறக் கரையில் அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்பது பழைய விதி. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் அதை 50 மீட்டராகச் சுருக்க 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வழி செய்தது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் குமரி மீனவ ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தக்கூடும். வலை காயவும் வள்ளம் ஏற்றவும் வேண்டிய இடம், கட்டடம் வரக்கூடிய இடமாக வரைபடத்தில் மாறிவிடும்.

மிஞ்சியிருப்பது ஒரு சின்ன வாசல். கலெக்டர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டலக் குழுவில், மீனவர் உள்ளிட்ட கடற்கரைச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்கிறது விதி. அடுக்குமாடிக்கும் கருத்துக்கேட்பு வேண்டும், மனை வாசலில் தமிழில் அறிவிப்புப் பலகை வேண்டும் என்று டெல்லியைக் கேட்பது நீண்ட போராட்டம். அதுவரை, அந்த மூன்று பேர் யார், கடைசியாக எந்தக் கோப்பில் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கலாம். தகர வேலி வருவதற்கு முன்னால் கேட்டால்தான் பயன்.