கையில் கட்டும் நடைக்கருவி: எதை வாங்கலாம், எதை நம்பலாம்?

"அப்பாவுக்கு எந்த ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாம், டாக்டர்?" என்னும் வினா எங்கள் புறநோயாளர் பிரிவில் இப்போது அடிக்கடி எழுகிறது. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களின் பிள்ளைகள் கேட்கின்றனர். நீரிழிவுக்காக நடைப்பயிற்சி மேற்கொள்ளச் சொல்லப்பட்டவர்களும் கேட்கின்றனர். ஓரிரண்டாயிரம் ரூபாய்க் கருவியின் அட்டைப்பெட்டியில்கூட இதயத் துடிப்பு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், உறக்கம் என எல்லாமே அச்சிடப்பட்டிருக்கின்றன. எதைத் தேர்வது என்று குடும்பத்தினர் திகைப்பது இயல்பே.

எங்கள் விடை சுருக்கமானது. உங்கள் நோய்க்குத் தேவைப்படும் எண் எது என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அந்த ஓர் எண்ணை ஒழுங்காகத் தரும் எளிய கருவி போதும். மற்ற எண்களுக்காகக் கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை. அவற்றை நம்பி மருந்தை மாற்றவும் கூடாது.

கருவி உண்மையில் எதை அளக்கிறது?

இக்கருவிகளுள் பெரும்பாலானவை இரண்டு செய்திகளையே நேரடியாக உணர்கின்றன. முதலாவது அசைவு. உள்ளே இருக்கும் சிறிய உணரி கை வீச்சின் தாளத்தைக் கண்டு, அதைக் காலடி எண்ணிக்கையாகக் கணக்கிடுகிறது. இரண்டாவது ஒளி. கருவியின் அடிப்புறத்தில் மின்னும் பச்சை ஒளியைத் தோலுக்கடியில் ஓடும் இரத்தம் உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் மாறுகிறது. அம்மாற்றத்தை எண்ணியே இதயத் துடிப்பு காட்டப்படுகிறது. ஆக்சிஜன் அளவுக்குச் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகள் பயன்படுகின்றன.

எரிந்த கலோரி, மன அழுத்தம், உறக்கத்தின் ஆழம் போன்றவை இச்செய்திகளிலிருந்து கணிக்கப்படுபவை. அளப்பதற்கும் கணிப்பதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 60 தன்னார்வலர்கள் 7 வகைக் கருவிகளை அணிந்து நடந்தும் ஓடியும் மிதிவண்டி மிதித்தும் சோதித்தனர். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டிற்குட்பட்ட பிழையுடன் காட்டின. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. மிக மோசமானது 93 விழுக்காடு பிழைத்தது. "இன்று 400 கலோரி எரித்துவிட்டேன்" என்று கருதிக் கூடுதலாக ஓர் இனிப்பு உண்ணும் நீரிழிவு நோயாளிக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

தறியடியில் மாறும் கணக்கு

பொதட்டூர்பேட்டை நெசவால் வாழும் ஊர். கை ராட்டையில் தார் சுற்றும் பெண்மணி, ராட்டை சுழற்றும் கையில் கருவியைக் கட்டியிருந்தால், அமர்ந்த இடத்திலேயே சில நூறு காலடிகள் கணக்கில் ஏறக்கூடும். கைத்தறியில் நாடா ஓட்டுவோரின் கை வீச்சும் அவ்வாறே கருவியை ஏமாற்றலாம். விசைத்தறிக் கூடத்தில் பல தறிகளைப் பார்த்துக்கொள்பவர் உண்மையிலேயே பல ஆயிரம் காலடிகள் நடக்கிறார். ஆனால் அறுந்த இழையை முடிவதற்காக நின்று நின்று நடக்கும் அந்நடையில் மூச்சு சற்றேனும் வேகமெடுப்பது அரிது. வேலை முடிந்தபின் அரைமணி நேரம் விரைந்து நடப்பதற்கு அக்கணக்கு ஈடாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கை வீசாமல் நடந்தால் காலடிகள் விடுபடும். ஊன்று சட்டம் பற்றி நடக்கும் முதியவர், தள்ளுவண்டி தள்ளுபவர், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடியைக் கையால் பற்றியபடி நடப்பவர் ஆகியோரின் நடை குறைவாகவே பதிவாகும். மலைக்கோயிலின் 365 படிகளை ஏறுவதும் சமதரையில் 365 காலடி நடப்பதும் எளிய கருவிக்கு ஒன்றே. இதயத்திற்கு அவை ஒன்றல்ல. காற்றழுத்த உணரி உள்ள கருவிகள் மட்டுமே ஏறிய உயரத்தைத் தனியே கணக்கிடும். எனவே மாரடைப்புக்குப் பின் படியேறுவது பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். காலடி எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நெசவுத் தொழில் செய்வோர் வேலை நேரத்தில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, நடைப்பயிற்சிக்கு மட்டும் கட்டிக்கொள்வது நல்லது. கணக்கு தெளிவாக இருக்கும். ஓடும் தறியின் பெல்ட்டிலோ தண்டிலோ வார் சிக்கும் ஆபத்தும் இராது.

10,000 காலடிகள் கட்டாயமா?

பெரும்பாலான கருவிகள் 10,000 காலடிகளை நாளின் இலக்காக வைத்தே விற்கப்படுகின்றன. இவ்வெண் 1965ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' என்னும் நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. அப்பெயருக்குப் 'பத்தாயிரம் காலடி மானி' என்பது பொருள். மருத்துவ ஆய்வொன்றின் முடிவாகத் தோன்றிய எண் அன்று அது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதைகளும் டோக்கியோ நகரின் நடைபாதையை முன்மாதிரியாகக் கொண்டவை. நல்ல உடல்நலம் உடையவர்க்கு அவை சிறந்த இலக்கு. நோயுற்றோர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு எங்கள் நோயாளிகளுக்கு ஊக்கமளிப்பது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாகத் தென்படவில்லை.

ஆகவே முதல் வாரம் எதையும் மாற்றாமல் உங்கள் வழக்கமான எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தடை சொல்லாவிடில், அடுத்த வாரம் முதல் நாளொன்றுக்கு 500 காலடி கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை உட்கொள்வோர் இவ்வளவுகோலையே பின்பற்ற வேண்டும். அம்மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்துவைப்பதால், வயதைக்கொண்டு கருவி காட்டும் 'இலக்குத் துடிப்பு' அவர்களுக்குப் பொருந்தாது. அதை எட்டவேண்டுமென்று ஓடுவது ஆபத்து.

மூன்று வகைகள்

முதல் வகை எளிய கைப்பட்டை. ஷாவ்மி பேண்ட், ஃபிட்பிட்டின் எளிய மாடல்கள், ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் டைட்டன் நிறுவனத்தின் ஃபாஸ்ட்ராக் பட்டைகள் ஆகியவை இவ்வகையின. எடை குறைவு, ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் உழைக்கும். நடைக்கணக்கு மட்டும் தேவைப்படும் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு இதுவே போதுமானது.

இரண்டாம் வகை பெரிய திரை கொண்ட மலிவு விலை ஸ்மார்ட் வாட்ச். உணரிகள் பெரும்பாலும் கைப்பட்டையில் இருப்பவையே. பார்வை மங்கிய முதியவருக்கு எழுத்து பெரிதாகத் தெரிவதே இதன் மெய்யான பயன். கூடுதல் பணத்தை மருத்துவப் பயனுக்காகக் கொடுக்கிறோம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாம் வகை ஈ.சி.ஜி. வசதியுள்ள விலையுயர்ந்த கடிகாரங்கள். ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச் ஆகியவற்றின் சில மாடல்களில் இவ்வசதி உண்டு. அவ்வப்போது வந்து மறையும் படபடப்பு உடையவர்களுக்கு, அது வரும் நேரத்திலேயே ஒரு பதிவெடுத்து மருத்துவரிடம் காட்ட இது உதவும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு பக்கவாதத்திற்கு வழிவகுக்கும் என்பதால் இப்பயன் சிறியதன்று. எனினும் கடிகாரத்தின் எச்சரிக்கையே நோயறிதல் ஆகிவிடாது. 4,19,297 பேர் பங்கேற்ற ஆப்பிள் இதய ஆய்வில், துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாக எச்சரிக்கை பெற்றுப் பின்னர் மார்பில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டையை அணிந்து ஆய்வுக்கு அனுப்பியவர்களுள் 34 விழுக்காட்டினருக்கே அப்போது அந்நோய் பதிவானது. எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் வாருங்கள். நீங்களாக மருந்து வாங்காதீர்கள்.

நம்பக் கூடாத எண்கள்

சர்க்கரை அளவு: தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய எந்தக் கருவிக்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும் அது கூறியது. அவ்வெண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டினால், தாழ்சர்க்கரையால் உயிருக்கே ஆபத்து நேரலாம். விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் ஆய்வகப் பரிசோதனையுமே வழி. தோலடியில் உணரி செலுத்தித் தொடர்ந்து அளக்கும் சி.ஜி.எம். கருவி வேறு, அதை மருத்துவர் பரிந்துரைத்தால் பயன்படுத்தலாம்.

இரத்த அழுத்தம்: ஒளியைக் கொண்டு அழுத்தத்தைக் கணிக்கும் கருவிகள், முறையான கருவிக்கு மாற்றாகா. சாம்சங் கடிகாரத்தில் இவ்வசதியைப் பயன்படுத்துவோர்கூட 28 நாள்களுக்கு ஒருமுறை, மேற்கையில் கட்டும் கருவியோடு ஒப்பிட்டுச் சீரமைக்க வேண்டும். எப்படியும் வாங்கவேண்டிய அக்கருவியை முதலில் வாங்குவதே சிக்கனம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்தவர்கள், வீட்டுக்கு வரும் பணியாளரிடம் அளந்து அட்டையில் குறித்துக்கொள்ளலாம். கடிகாரம் "120/80" என்று காட்டுவதால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாரடைப்பு: எந்தக் கடிகாரமும் மாரடைப்பைக் கண்டறியாது. ஈ.சி.ஜி. வசதியுள்ளவையும் கண்டறியா. மருத்துவமனையில் 12 கோணங்களில் பதியும் ஈ.சி.ஜி.யை, கடிகாரம் ஒரே கோணத்தில்தான் பதிகிறது. நெஞ்சு வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வையோடு மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், கடிகாரம் என்ன காட்டினாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

சிலர் கவனிக்க வேண்டியவை

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைக்கப்பட்ட கையில் எந்தப் பட்டையும் கட்டக் கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் வீக்கம் உள்ள கைக்கும் இது பொருந்தும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கடிகாரத்தையும் கைப்பேசியையும் அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைக்க வேண்டும். உடலில் மின்னோட்டம் செலுத்திக் கொழுப்பின் அளவைக் காட்டும் வசதியை அவர்கள் பயன்படுத்தக் கூடாது. மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கும் பாட்டிமார்களுக்கு அந்த மை ஒளியைத் தடுக்கக்கூடும். மறு கையில் கட்டிவிடுங்கள். நீரிழிவு நோயாளிகள் குளிக்கும்போது கழற்றித் தோலை உலரவைத்து, சிவப்போ புண்ணோ உள்ளதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

கடையிலேயே சோதிக்கலாம்

வாங்கும் முன் மூன்று எளிய சோதனைகளைச் செய்து பாருங்கள். வாயால் எண்ணியபடி 100 காலடி நடங்கள். கருவி 95க்கும் 105க்கும் இடையில் காட்டினால் போதும். அடுத்து, அமர்ந்தபடி 2 நிமிடம் தார் சுற்றுவதுபோலவோ துணி மடிப்பதுபோலவோ கையை அசையுங்கள். எண்ணிக்கை மிகுதியாக ஏறினால் வேறு கருவியைப் பாருங்கள். கடைசியாக, மணிக்கட்டு நாடியை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கிக் கருவியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஊன்று சட்டத்தோடு நடப்பவராயின் அவரையே அழைத்துச் சென்று சோதியுங்கள்.

கருவி வாங்குவதே பயிற்சியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 471 பேர் சேர்க்கப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், உடலில் அணியும் கருவியைப் பயன்படுத்தியோர் இரண்டாண்டில் சராசரியாக 3.5 கிலோ எடை குறைந்தனர். கருவியின்றித் தாமே குறிப்பெழுதி வந்தோர் 5.9 கிலோ குறைந்தனர். ஆதலால் கருவி வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு நாட்காட்டியும் பேனாவும் போதும். நாள்தோறும் நடந்த நிமிடங்களைக் குறித்து, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். கருவி உள்ளவர்கள் வாரச் சராசரியை மட்டும் எழுதி வந்தால் போதுமானது. மருந்தின் அளவையும் நடையின் அளவையும் அதைப் பார்த்து உங்களோடு சேர்ந்து முடிவு செய்வோம்.